"வாயைக் கட்டினால் போதுமா?" - கடும் உடல்பருமன் பற்றி ஆய்வுகள் சொல்லும் பதில்

கல்யாணப் பந்தியில் பருமனான ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். இரண்டாவது முறை சாதம் கேட்கும்போதே பக்கத்து இலையிலிருந்து ஒரு பார்வை வரும். பெரியப்பா முறையில் யாராவது இருந்தால் பார்வையோடு நிற்காது. "ஏம்ப்பா, கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா? காலையில எழுந்து நாலு ரவுண்டு நடந்தா தானா இறங்கிடப்போகுது" என்று அட்வைஸும் சேர்த்தே பரிமாறப்படும்.

120 கிலோ, 130 கிலோ எடையோடு வாழ்பவர்களுக்கு இந்த அட்வைஸ் புதிதில்லை. அவர்களில் பெரும்பாலோர் பெரியப்பா சொல்வதற்கு முன்பே அதைச் செய்து பார்த்தவர்கள். ராத்திரி சாப்பாட்டை நிறுத்தி, அரிசியை நிறுத்தி, ஜிம்முக்குப் பணம் கட்டி, பத்து கிலோ குறைத்து, அடுத்த தீபாவளிக்குள் பன்னிரண்டு கிலோ ஏற்றிக்கொண்டவர்கள்.

இப்போது அட்வைஸில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. "வாரத்துக்கு ஒரு ஊசி போட்டா குறையுதாமே?" 2025 மார்ச்சில் 'மவுஞ்சாரோ', அதே ஆண்டு ஜூனில் 'வெகோவி' என இரண்டு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு, டாக்டர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கேட்பவர்கள் அதிகமாக இருப்பதில் ஆச்சர்யமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும் ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை அல்லது உடல்பருமன் கொண்டவர்கள்.

ஊசி போட்டால் எத்தனை கிலோ குறையும் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால், கடும் உடல்பருமனுக்கான சிகிச்சை ஆய்வுகளில் மிக முக்கியமான விஷயங்கள் தெரியவந்தது அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டபோதுதான். அதைப் புரிந்துகொள்ள, இந்த ஊசிகளுக்கெல்லாம் முன்னால், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு வந்த ஒரு சிறுமியிடமிருந்து தொடங்க வேண்டும்.

எட்டு வயது... 86 கிலோ!

பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் அது. பிறக்கும்போது அந்தக் குழந்தையின் எடை சாதாரணமாகத்தான் இருந்தது. சில மாதங்களிலேயே எடை ஏற ஆரம்பித்தது. எட்டு வயதில் 86 கிலோ. நடப்பதே சிரமம். எந்நேரமும் பசி. அவளுடைய உறவுக்காரச் சிறுவனுக்கும் அதே நிலைமை. இரண்டு வயதில் 29 கிலோ. நம் ஊரில் இரண்டு வயதுக் குழந்தையின் எடை 11, 12 கிலோ இருந்தால் அம்மாக்கள் சந்தோஷப்படுவார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்ணின் கனம் புரியும்.

டாக்டர்கள் ஸ்டீஃபன் ஓ'ராஹிலியும் சதாஃப் ஃபரூக்கியும் இருந்த கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழு இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் 'லெப்டின்' என்ற ஹார்மோனைத் தேடியது. அப்போது லெப்டின் புத்தம் புதிய கண்டுபிடிப்பு. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, குண்டாகிக்கொண்டே போகும் ஒரு வகை எலியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, அதன் உடலில் பழுதான மரபணு எது என்பதை 1994 டிசம்பரில்தான் வெளியிட்டிருந்தது. அந்த மரபணு தயாரிக்கும் ஹார்மோனுக்குத்தான் 'ஒல்லி' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

லெப்டினைச் சுரப்பது வேறெதுவுமில்லை, உடலில் இருக்கும் கொழுப்புத்தான். கொழுப்பு என்றால் சும்மா தேங்கிக் கிடக்கும் எண்ணெய் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அது மூளைக்குத் தகவல் அனுப்புகிறது என்பது தெரிந்ததும் மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 'கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது, கவலை வேண்டாம்' என்பதுதான் அந்தத் தகவல்.

அந்த இரண்டு குழந்தைகளின் உடலில் கொழுப்பு மலையாக இருந்தது. லெப்டினோ கிட்டத்தட்ட இல்லை. லெப்டின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். பைக் டேங்க் வழிய வழிய பெட்ரோல் இருக்கிறது, ஆனால் முள் மட்டும் 'ரிசர்வ்' பக்கமே நிற்கிறது என்றால், ஓட்டுபவர் என்ன செய்வார்? பார்க்கும் பங்க்கில் எல்லாம் வண்டியை நிறுத்துவார். அந்தக் குழந்தைகளின் மூளையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. உடம்பு பட்டினி கிடக்கிறது என்று அது உண்மையாகவே நம்பியது. 1997-ல் இது வெளியானது.

அடுத்து நடந்ததுதான் ஆச்சர்யம். அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயதாகி, எடை 94.4 கிலோவாக இருந்தபோது, தினமும் லெப்டின் ஊசி போட ஆரம்பித்தார்கள். சில நாள்களிலேயே பசி மாறியது. 12 மாதங்களில் 16.4 கிலோ குறைந்தது. குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்பு. பின்னர் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுவனின் கணக்கு இன்னும் பிரபலம். மூன்று வயதில் 42 கிலோ இருந்தவன், ஏழு வயதில் 32 கிலோ. வயது ஏற, எடை இறங்கியது!

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் கூடுதலாக மன உறுதியைக் கற்றுக்கொடுக்கவில்லை. அதே வீடு, அதே சமையல். உடலில் இல்லாத ஒரு ஹார்மோனைக் கொடுத்தார்கள், தட்டைத் தள்ளிவைக்க அவர்களாகவே கற்றுக்கொண்டார்கள்.

பெற்றோர் மீது விழுந்த பழி

இதே கேம்பிரிட்ஜ் குழுவின் இன்னொரு ஆய்வு, 'வாயைக் கட்டு' கோஷ்டி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. கடும் உடல்பருமன் கொண்ட 300 குழந்தைகளின் டி.என்.ஏ-வை ஆராய்ந்தபோது, சிலருக்கு 16-வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டே விடுபட்டிருப்பது தெரிந்தது. அவர்களில் சில குழந்தைகள், பிரிட்டன் அரசின் சமூக நலத்துறையில் 'ஆபத்தில் இருக்கும் குழந்தைகள்' பட்டியலில் வைக்கப்பட்டிருந்தார்கள். காரணம்? பெற்றோர் வேண்டுமென்றே அளவுக்கு அதிகமாக ஊட்டுகிறார்கள் என்ற சந்தேகம். மரபணுக் காரணம் தெரிந்த பிறகு, அந்தப் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த ஒரு முடிவு, ஒரு குடும்பத்தின் மீதிருந்த குற்றச்சாட்டை அழித்தது. கிலோ கணக்கு பேசும் செய்திகளில் இது இடம்பெறுவதே இல்லை.

இப்படி ஒற்றை மரபணுப் பழுதால் வரும் உடல்பருமன் மிக அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், ஐந்து வயதுக்குள்ளேயே எடை எகிறி, குழந்தைக்குப் பசி அடங்கவே அடங்காமல் இருந்தால், மரபணுப் பரிசோதனை பற்றி யோசிக்கலாம் என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பெற்றோர் இருவரும் நெருங்கிய உறவினராக இருக்கும்போது இத்தகைய அரிய பழுதுகள் குழந்தையிடம் வெளிப்படும் வாய்ப்பு கூடும். தாய்மாமன், அத்தை மகன் என உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

லெப்டின் பாதையில் அடுத்த கண்ணியில் பழுதானவர்களுக்கும் இப்போது மருந்து உண்டு. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் 'பாம்க்' என்ற மரபணு செயல்படாத இரண்டு பேருக்கு 'செட்மெலனோடைட்' என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு 42 வாரங்களில் 51 கிலோ குறைந்தது. இன்னொருவருக்கு 12 வாரங்களில் 20.5 கிலோ. இடையில் மருந்தை நிறுத்திப் பார்த்தபோது முதலாமவரின் பசி திரும்ப வந்துவிட்டது. 2016-ல் வெளியான ஆய்வு இது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

எல்லோருக்கும் லெப்டின் போட்டால்?

இந்தக் கேள்வி மருந்து கம்பெனிகளுக்குத் தோன்றாமல் இருக்குமா? லெப்டின் உரிமைக்காக 'ஆம்ஜென்' நிறுவனம் 1995-லேயே 2 கோடி டாலர் முன்பணம் கொடுத்திருந்தது. பருமனாக இருந்தவர்களுக்கு லெப்டின் போட்டுப் பார்த்த ஆய்வு 1999-ல் வெளியானது. சிலருக்குக் குறைந்தது, பலருக்குச் சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை. ஏமாற்றம்!

காரணம், பெரும்பாலான பருமனானவர்களின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. தகவல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மூளைதான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆனால், எடையைக் குறைக்க ஆரம்பிக்கும்போது கதை தலைகீழாகிறது. கொழுப்பு கரையக் கரைய லெப்டின் இறங்குகிறது. அந்த இறக்கத்தை மட்டும் மூளை உடனே கவனித்துவிடுகிறது. 'பஞ்சம் வந்துவிட்டது' என்று அலாரம் அடிக்கிறது.

இது வெறும் தியரி இல்லை. மெல்பர்னில் பிரியா சுமித்ரனும் அவருடைய சகாக்களும், அதிக எடை கொண்ட 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. ஒரு வருடம் கழித்து ரத்தத்தைப் பரிசோதித்தபோது பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் இன்னும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. டயட் முடிந்து ஒரு வருடம் ஆகியும், டயட்டுக்கு முன்பைவிட அதிகமாகப் பசித்தது.

அமெரிக்காவின் 'தி பிக்கெஸ்ட் லூசர்' டிவி ஷோவில் போட்டியிட்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கெவின் ஹால். போட்டி முடிவில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் அவர்கள். அதில் 41 கிலோ திரும்ப வந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி, அந்த உடல் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிட தினமும் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. சுமாராக ஒரு வேளைச் சாப்பாடு. அதாவது, அதே எடை கொண்ட வேறொருவர் மூன்று வேளை சாப்பிட்டு எடையைத் தக்கவைக்க முடிகிறது என்றால், இவர்கள் இரண்டு வேளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவும் கூடுதல் பசியோடு. அதுவும் ஆண்டுக்கணக்கில்.

இதைத்தான் 'கன்ட்ரோல் இல்லை' என்று ஊர் சொல்கிறது.

டம்மி ஊசி போட்டவர்கள் சொன்ன உண்மை

இனி இன்றைய ஊசிகளுக்கு வரலாம். சாப்பிட்டதும் குடலிலிருந்து சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன், 'வந்து சேர்ந்துவிட்டது, போதும்' என்று மூளைக்குச் சொல்கிறது. ஆனால், சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுகிறது. அதைப் போலவே செயல்பட்டு, ஒரு வாரம் வரை உடலில் தங்கும்படி வடிவமைத்த மருந்துதான் 'வெகோவி' ஊசியில் இருக்கும் செமாக்ளூடைட். 'மவுஞ்சாரோ'வில் இருக்கும் டிர்செபடைட், ஜி.ஐ.பி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

செமாக்ளூடைடின் 'ஸ்டெப் 1' ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத 1,961 பேர் கலந்துகொண்டார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு டம்மி ஊசி. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, ஊசி கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. 68 வாரங்கள் கழித்துப் பார்த்தால், மருந்து போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவிகிதம் எடை குறைந்திருந்தது. டம்மி போட்டவர்களுக்கு 2.4 சதவிகிதம்.

செய்திகளில் 14.9 தான் தலைப்பானது. உண்மையில் உற்றுப் பார்க்க வேண்டிய எண் 2.4. ஏனென்றால், டம்மி ஊசிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு தரப்புக்கும் நாலு வாரத்துக்கு ஒருமுறை உணவு ஆலோசனை உண்டு. தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிட வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. பெரியப்பா சொன்ன அட்வைஸ்தான், நிபுணர்களின் மேற்பார்வையில், ஒரு வருடத்துக்கும் மேலாக! சராசரியாக 105 கிலோ இருந்தவர்களிடம் அது குறைத்தது 2.6 கிலோ.

நடைப்பயிற்சியே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இதயம், சர்க்கரை, மூட்டு, தூக்கம் எல்லாவற்றுக்கும் அது நல்லது. கடும் உடல்பருமனை அது தனியாளாகக் கீழே இறக்கிவிடும் என்ற எதிர்பார்ப்புதான் தவறு.

சரி, நிறுத்தினால்? ஸ்டெப் 1 முடிந்து மருந்தை நிறுத்திய 327 பேரை இன்னும் ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. டிர்செபடைடிலும் இதே கதைதான். 'சர்மவுன்ட்-4' ஆய்வில் 36 வாரங்கள் மருந்து போட்டு 20.9 சதவிகிதம் எடை குறைத்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் இன்னும் 5.5 சதவிகிதம் குறைந்தது. தெரியாமல் டம்மிக்கு மாற்றப்பட்டவர்களுக்கு 14 சதவிகிதம் ஏறியது.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ இந்த ஊசி ஏமாற்று வேலைதானே' என்று சொல்பவர்கள் உண்டு. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிறது. அதற்காக யாரும் மாத்திரையை ஏமாற்று என்று சொல்வதில்லை, நோயாளியைச் சோம்பேறி என்றும் திட்டுவதில்லை. உடல்பருமனுக்கு மட்டும் வேறு நியாயம்!

எடையைத் தாண்டிய பலனும் நிரூபணமாகியிருக்கிறது. ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரை வைத்து நடந்த 'செலக்ட்' ஆய்வில், செமாக்ளூடைட் போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை மொத்தமாக 20 சதவிகிதம் குறைந்தன. 2023-ல் வெளியான முடிவு இது. கல்யாணத்துக்கு முன் அழகாகத் தெரிய ஊசி போடுவதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆய்வுகள் நடந்தது எடை உயிருக்கே ஆபத்தாகக்கூடியவர்களிடம். நாலு கிலோ குறைக்க நினைப்பவர்களிடம் அல்ல.

கத்தி வைத்தவர்கள் கதை

நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லாத சிகிச்சை ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை. அதை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வு, 1987-ல் ஸ்வீடனில் தொடங்கியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 2,010 பேர். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் 2,037 பேர். இதில் குலுக்கல் கிடையாது. அந்தக் காலத்தில் இந்த அறுவை சிகிச்சையில் உயிரிழப்பு அதிகம் என்பதால், சீட்டுப் போட்டு ஆளை ஆபரேஷனுக்கு அனுப்ப நெறிமுறைக் குழுக்கள் சம்மதிக்கவில்லை. அதனால், விருப்பப்பட்டவர்களுக்குச் செய்து, அவர்களைப் போலவே வயதும் எடையும் உள்ளவர்களோடு ஒப்பிட்டார்கள்.

பத்து வருடம் கழித்தும், 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' செய்துகொண்டவர்கள் பழைய எடையைவிட சராசரியாக 25 சதவிகிதம் குறைவாக இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் எடை இரண்டு சதவிகிதம் இப்படி அப்படி என்று அதே இடத்தில் நின்றது. 2007-ல் வெளியான கணக்கில், சுமார் 11 ஆண்டுகளில் அறுவை சிகிச்சைக் குழுவில் 101 பேரும், மற்ற குழுவில் 129 பேரும் இறந்திருந்தார்கள். எடைக் குறைப்பு ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு அதுவரை இப்படி ஓர் ஆதாரம் இருந்ததில்லை.

அதே ஆய்வு 2020-ல் இன்னொரு கணக்கைச் சொன்னது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், செய்யாதவர்களைவிட மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனால், பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஐந்தரை ஆண்டுகள் குறைவு. முழுப் பாதிப்பையும் கத்தியால் அழிக்க முடியவில்லை. விளம்பரப் பலகைகளில் இந்த இரண்டாவது வரி வராது.

இதிலும் வயிற்றைச் சுருக்கியதால் மட்டும் எடை குறையவில்லை. பைபாஸுக்குப் பிறகு, சாப்பிட்டதும் ஜி.எல்.பி-1 பல மடங்கு சுரக்கிறது. ஊசி வெளியிலிருந்து செய்வதை, இந்த அறுவை சிகிச்சை உள்ளிருந்து செய்கிறது. பதிலுக்கு, ஆயுள் முழுக்க வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் பரிசோதனைகளும் தொடர வேண்டும். ஆக, இதிலும் 'ஒருமுறை செய்தால் முடிந்தது' என்பது இல்லை.

சந்தைக்கு வந்து சறுக்கியவை

எடைக் குறைப்பு மருந்துகளின் வரலாற்றில் கசப்பான பக்கங்களும் உண்டு. 90-களில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட 'ஃபென்-ஃபென்' மருந்துக் கூட்டணி, இதய வால்வைப் பாதிக்கிறது என்று தெரிந்ததும் 1997-ல் அதிலிருந்த ஃபென்ஃபுளூரமின் திரும்பப் பெறப்பட்டது. ஐரோப்பாவில் 2006-ல் வந்த 'ரிமோனபன்ட்', மன அழுத்தத்தையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுகிறது என்று இரண்டே ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. 'சிபுட்ரமின்' மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது என்பது சுமார் பத்தாயிரம் பேரை வைத்து நடந்த ஆய்வில் தெரிந்து, 2010-ல் பல நாடுகளில் விலக்கப்பட்டது. கடைசி இரண்டையும் இந்தியாவும் தடை செய்தது.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியாது. 'மூலிகை', 'நூறு சதவிகிதம் இயற்கை' என்று ஆன்லைனில் விற்கப்படும் எடைக் குறைப்பு பவுடர்களிலும் மாத்திரைகளிலும் சிபுட்ரமின் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க எஃப்.டி.ஏ திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. வாட்ஸ்அப்பில் வரும் 'ஒரே மாதத்தில் 10 கிலோ' டப்பாவை ஆர்டர் செய்வதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இன்றைய ஊசிகளும் பக்க விளைவு இல்லாதவை அல்ல. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் அதிகம். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி வரலாம். 'மெடுல்லரி' வகை தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் போடக் கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் இரண்டு மாதங்களுக்கு முன்பே செமாக்ளூடைடை நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைட் போடும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையக்கூடும். குறையும் எடையில் ஒரு பகுதி தசை என்பதால், புரதமும் பளு தூக்கும் பயிற்சியும் அவசியம். மருந்துக்கடையில் நேரடியாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயமே இல்லை இது.

இனி என்ன?

எடை குறைந்த பிறகு டோஸைக் குறைத்துத் தொடரலாமா, ஊசிகளுக்கு இடையிலான நாள்களைக் கூட்டலாமா என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் ஆய்வாளர்கள் இப்போது மும்முரமாக இருக்கிறார்கள். ஊசியே வேண்டாம், மாத்திரை போதும் என்ற திசையிலும் ஆய்வுகள் நடக்கின்றன.

நம் ஊருக்கு இந்த ஆய்வுகளின் முடிவுகள் அப்படியே பொருந்துமா என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டெப் 1-ல் கலந்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளை இனத்தவர். ஆசியர்கள் சுமார் 13 சதவிகிதம்தான். இந்தியர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அதனால்தான், பல நாடுகளில் பி.எம்.ஐ 30-ஐத் தொட்டால் உடல்பருமன் என்றால், இங்கே டாக்டர்கள் 25-லேயே எச்சரிக்கிறார்கள்.

அடுத்து, பணம். வருடக்கணக்கில் தொடர வேண்டிய ஊசி என்றால், மாதச் சம்பளக் குடும்பத்தில் முதலில் விழும் கேள்வி அதுதான். செமாக்ளூடைடுக்கான முக்கியக் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சோடு முடிவதால், உள்ளூர் நிறுவனங்களின் தயாரிப்புகளுக்கு வழி திறக்கிறது. விலை இறங்கும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. விலை இறங்கினாலும், தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை மாறப்போவதில்லை. எத்தனை வருடம் போட வேண்டியிருக்கும்? நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் எப்படி நிறுத்துவது? எந்தப் பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்? அறுவை சிகிச்சைதான் பொருத்தம் என்றால், ஏன்? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாமல், முதல் சந்திப்பிலேயே ஊசியை எழுதிக்கொடுக்கும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம்.